குமரியின் மேற்குக் கடற்கரையும் எதிர்பாராத கோப்பைகளும்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கால்பந்தின் கதை பெரும்பாலும் அதன் மேற்குக் கடற்கரையின் கதை. நாஞ்சில் நாடு என்று முறையாகச் சொல்லப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பகுதிகள் வயலும் குளமும் சார்ந்தவை. அங்கே பள்ளி, கல்லூரி மைதானங்களைத் தாண்டிப் பந்து அதிகம் உருளவில்லை. குழித்துறையாறு கடலில் சேரும் இடத்திலிருந்து கேரள எல்லை வரையிலான கடற்கரை வேறு மாதிரி. இரயுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று எட்டு மீனவ ஊர்கள் அங்கே ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஓர் ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்குவது வெளியாளுக்குத் தெரியாது. நீரோடியைத் தாண்டினால் கேரளத்தின் பொழியூர். அதுவும் இதே தொழில், இதே பந்து.

இந்த ஊர்கள் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. அன்று விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்து தனி மாவட்டமாயின. ஆட்சி மாறியது, மற்ற பழக்கங்கள் அவ்வளவாக மாறவில்லை. தூத்தூர் மறைவட்டம் இன்றும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. ஆழ்கடலில் சுறா பிடிக்கும் இப்பகுதிப் படகுகள் கொச்சியை இரண்டாவது வீடாகக் கொண்டவை. திருவனந்தபுரம் பஸ்ஸில் ஏறினால் போய்விடும் தூரம், சென்னையோ 700 கிலோமீட்டருக்கு அப்பால். ஆகவே, இக்கரையில் ஒரு சிறுவன் எந்த அணியை ‘நம்ம டீம்’ என்று நினைத்தான் என்பதை மாநில எல்லை தீர்மானிக்கவில்லை. எந்த நிலையத்தின் ஒலி வீடு வரை வந்தது, எந்த மைதானத்துக்குப் போய்வர முடிந்தது, அப்பா எந்த மாதத்தில் கரையில் இருந்தார் என்பவையே தீர்மானித்தன. எளிய அணி பெரிய அணியை இறுதி ஆட்டத்தில் சாய்த்த நினைவுகளை இங்கே தலைமுறை வாரியாகப் பிரித்துப் பார்த்தால், இந்த மூன்று காரணங்களும் மாறி மாறித் தென்படும்.

முதல் இறுதி ஆட்டம் எல்லாச் சிறுவர்களுக்கும் சொந்தக் கடப்புறத்தில்தான். அலை வற்றி மணல் இறுகிய நேரத்தில் ஆட்டம் தொடங்கும். நட்டுவைத்த துடுப்போ கழியோ கோல் போஸ்ட் ஆகும். ஒரு பக்கக் கோடு கடல், மறுபக்கக் கோடு கரையேற்றிய வள்ளங்கள். வெறுங்கால் ஆட்டம். பந்து கடலுக்குள் போனால் நீந்தி எடுத்து வருவது சின்னப் பையன்களின் வேலை. அணியில் இடம் கிடைக்கும்வரை அவர்கள் ஒப்புக்குச் சப்பாணிதான். மணலில் பந்தைத் தரையோடு தள்ளிவிட முடியாது, கிளப்பித்தான் ஆட வேண்டும். கெண்டைக்கால் வலுப்பெறுவதும் பந்தை நெஞ்சில் வாங்கி அடக்கும் பழக்கமும் இங்கிருந்துதான் வருகின்றன என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள்.

இதற்கு மேல், ஊர்த் திருவிழாவையும் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறைகளையும் ஒட்டி நடக்கும் சுழற்கோப்பைப் போட்டிகள் உண்டு. பெரிய ஊர்களின் அணிகள் வெளியூரிலிருந்து ஆள் இறக்கி ஆடும். சின்ன ஊரோ தன் பையன்களையே நம்பி வரும். எதிர்பாராத வெற்றி என்றால் என்ன என்று ஒரு சிறுவன் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இங்கேதான். தோற்ற ஊருக்குள் வெற்றி ஊர்வலம் போகலாமா கூடாதா என்ற தகராறும் அந்தப் பாடத்தில் சேரும்.

ஊருக்கு வெளியே நடந்த இறுதி ஆட்டங்கள் முதலில் காதுக்குத்தான் வந்தன. திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943இல் திருவனந்தபுரத்தில் தொடங்கி, 1950இல் அகில இந்திய வானொலியின் கைக்கு வந்தது. திருநெல்வேலி நிலையம் 1963இல்தான் வந்தது. அதனால் விளவங்கோட்டுக் கடற்கரைக்கு முதல் வானொலி திருவனந்தபுரம். அங்கிருந்து வந்த கால்பந்து வர்ணனை மலையாளத்தில் இருந்தது. இரு மொழியும் புழங்கும் ஊர்களில் அது ஒரு தடையாக இருக்கவில்லை. வானொலிப் பெட்டிக்கு அஞ்சலகத்தில் ஆண்டு உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்த காலம். எல்லா வீட்டிலும் பெட்டி கிடையாது. தேநீர்க் கடையிலோ பெட்டி வைத்திருந்த வீட்டுத் திண்ணையிலோ கூடிக் கேட்டார்கள்.

1973 டிசம்பர் 27 அப்படிக் கேட்கப்பட்ட நாள். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம், கேரளமும் ரயில்வேயும். 1941இல் தொடங்கிய இந்த மாநிலங்களுக்கிடையிலான போட்டியைக் கேரளம் அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. ரயில்வே 1960களில் மட்டும் மூன்று முறை வென்ற அணி. நாடு முழுவதிலிருந்தும் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்துக்கொள்ளும் வசதி அதற்கு இருந்தது. கேரளம் 3-2 என்று வென்றது. மூன்று கோலையும் போட்டவர் அணித் தலைவர் மணி. டி.கே.எஸ். மணி என்ற பெயர் ‘கேப்டன் மணி’ ஆகிப் பிறகு அப்படியே நிலைத்துவிட்டது. கோல் காத்தவர்களில் ஒருவர் விக்டர் மஞ்ஞிலா. துணைத் தலைவர் டி.ஏ. ஜாஃபர். பயிற்சியாளர் சைமன் சுந்தர்ராஜ் தமிழ்நாட்டுக்காரர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெரு அணிக்கு எதிராக அவர் போட்ட கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் கடைசி கோலாக இன்றுவரை நிற்கிறது. எல்லையின் இருபுறத்தாரும் உரிமை கொண்டாட வசதியான வெற்றி அது. தமிழ்நாட்டில் அவரை நினைப்பவர்கள் குறைவு என்பது வேறு விஷயம்.

மறுநாள் கேரளத்தில் அரசு விடுமுறை விட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் அதற்கு வழியில்லை, ஆனால் அரையாண்டுத் தேர்வு விடுமுறைக் காலம் என்பதால் பிள்ளைகளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கு இப்போது அறுபதுக்கு மேல். அவர்கள் யாரும் மணியின் கோலைப் பார்த்ததில்லை. கேட்ட கோல் கண்ட கோலைவிட மனத்தில் வளரக்கூடியது. எந்தக் காலால் அடித்தார், எத்தனை பேரைக் கடந்தார் என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறும்.

அதே ஆண்டு மே 5 அன்று லண்டன் வெம்பிளியில் இரண்டாம் டிவிஷன் அணியான சண்டர்லாந்து, நடப்பு வெற்றியாளரான லீட்ஸை 1-0 என்று வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. இயான் போர்ட்டர்ஃபீல்டின் கோலும், கோல்கீப்பர் ஜிம் மாண்ட்கோமரி அடுத்தடுத்து இரண்டு அடிகளைத் தடுத்த விதமும் பிரிட்டனில் ஒரு தலைமுறைச் சிறுவர்கள் தொலைக்காட்சியில் கண்டவை. பிற்பாடு எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய நினைவு அவர்களுடையது. எர்ணாகுளத்து ஆட்டத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் புகழ் குன்றாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தொலைக்காட்சி இக்கரைக்கு 1980களில் வந்தது. மூங்கிலிலும் இரும்புக் குழாயிலும் உயரமாக ஆன்டெனா கட்டித் திருவனந்தபுரத்தை இழுத்தார்கள். காற்று வாகாக இருந்தால் இலங்கையின் ரூபவாகினியும் கிடைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் புள்ளி புள்ளியாகி மறைவதும், ஒருவன் மாடியேறி ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டே “இப்ப வந்தாச்சா?” என்று கத்துவதும் அக்காலத்தின் எல்லாக் கால்பந்து நினைவுகளிலும் இருக்கும். 1986 மெக்சிகோ உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் இந்திய நேரப்படி இரவு பதினொன்றரைக்குத் தொடங்கியது. அர்ஜென்டினாவும் மரடோனாவும் கடற்கரைச் சுவர்களில் ஏறியது அதற்குப் பிறகுதான். அந்த ஆண்டின் தொடக்கத்தில் திருவனந்தபுரத்திலேயே நேரு கோப்பைப் போட்டி நடந்து, சோவியத் யூனியன் வந்து ஆடி வென்று போயிருந்தது. டிவி இல்லாதவர்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த வெளிநாட்டு ஆட்டம் அது.

அடுத்த பெரிய அதிர்ச்சி 1990இல் வந்தது. திருச்சூரில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை இறுதி ஆட்டத்தில் கேரள போலீஸ் அணி, கோவாவின் சால்கோகரை 2-1 என்று வென்றது. அந்தக் கோப்பை கேரளத்து அணி ஒன்றுக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை. கொல்கத்தா அணிகளும் கோவா அணிகளும் பணம் கொடுத்து ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ போன்றவர்கள் போலீஸ் சம்பளத்தில் ஆடினார்கள். மறு ஆண்டு கண்ணூரிலும் அதே அணி வென்று, முதல் வெற்றி குருட்டு அதிர்ஷ்டம் அல்ல என்று காட்டியது. அந்தத் தலைமுறையின் பெரும் பெயரான ஐ.எம். விஜயன், சிறுவனாக இருந்தபோது திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றவர். கேலரியில் நின்று ஆட்டம் பார்த்த சிறுவன் அதே மைதானத்தின் நாயகன் ஆன கதையாக அது கேரளம் முழுக்கப் பரவி, எல்லை தாண்டி இங்கும் வந்தது. ஏழைப் பிள்ளைகளுக்குப் பந்து ஒரு வேலைவாய்ப்பும்கூட என்ற எண்ணம் கடற்கரையில் ஊன்றியதற்குப் போலீஸ், மின்வாரியம், ரயில்வே, வங்கி அணிகள்தான் காரணம். கோப்பையைவிட அரசு வேலை பெரிதாகப் பேசப்பட்ட வீடுகள் அதிகம். அதில் தவறும் இல்லை.

உலகக் கோப்பையும் ஐரோப்பியக் கோப்பையும் இக்கரையில் தனி இடம் பெற்றதற்குக் காலண்டர் ஒரு காரணம். இரண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் நடப்பவை. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்துக் கிடக்கும் காலம் அது. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலமும் அப்போதுதான். குமரி மாவட்டத்துக்கு இதில் ஒரு விசித்திரம் உண்டு. மாவட்டத்தின் கிழக்குக் கரைக்குத் தடை ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14இல் முடியும், மேற்குக் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. முன்பு 45 நாளாக இருந்த தடை 2017 முதல் 61 நாள். ஆக, சின்னமுட்டத்துப் படகுகள் மறுபடி கடலுக்குப் போகும் ஜூன் நடுவில், தூத்தூர்க் கரை ஆண்கள் வீட்டில் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் ஆழ்கடலில் கிடப்பவர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரவு முழுக்க ஆட்டம் பார்க்க வாய்க்கும் நாட்கள் ஆண்டில் இவைதான். கையில் காசு வற்றிய மாதங்களும் இவைதான் என்பதை மறக்கக்கூடாது. கடன் வாங்கி ஃப்ளெக்ஸ் அடித்தார்கள் என்று ஊர்ப் பெண்கள் குறைப்படுவதில் நியாயம் உண்டு.

அந்த இரவுகளில் எளியவர் வென்ற இறுதி ஆட்டம் என்று கேட்டால் இரண்டு பதில் வரும். 1990 ஜூன் 8 அன்று நடப்புச் சாம்பியன் அர்ஜென்டினாவைக் கேமரூன் 1-0 என்று வென்றதைச் சிலர் சொல்வார்கள். உண்மையில் அது தொடக்க ஆட்டம். கேமரூனுக்கு இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி, ஒன்பது பேரோடு ஆட்டத்தை முடித்தார்கள். நினைவில் அது இறுதி ஆட்டமாகவே உயர்ந்துவிட்டிருப்பது ஆச்சரியமில்லை. மற்ற பதில் கிரீஸ். 2004 ஜூலை 4 அன்று லிஸ்பனில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் இங்கே நள்ளிரவைத் தாண்டித் தொடங்கியது. கிரீஸ் அதற்கு முன் எந்தப் பெரிய போட்டியிலும் ஓர் ஆட்டம்கூட வென்றதில்லை. அந்தப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே போர்ச்சுகலை 2-1 என்று தோற்கடித்து, பிறகு பிரான்சையும் செக் குடியரசையும் 1-0, 1-0 என்று வெளியேற்றி வந்தது. ஜெர்மன் பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகல் அணியைத் தற்காப்பில் பூட்டி வைத்திருந்தார். இறுதி ஆட்டத்திலும் எதிரணி போர்ச்சுகல்தான். 57ஆம் நிமிடம் ஒரு கார்னர், சாரிஸ்டேயாஸ் தலையால் முட்டினார், கோல். மீதி நேரம் முழுக்கப் போர்ச்சுகல் மோதிக்கொண்டே இருந்தது. பத்தொன்பது வயது ரொனால்டோ அழுதபடி நின்றார். அழகான ஆட்டம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பிரேசில் ஆட்டத்தை நேசிக்கும் ஊர்களில் கிரீஸைத் திட்டித் தீர்த்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். ஆனாலும், நோஞ்சான் அணி ஒரு கோலைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்ற வித்தை ஊர்ப் போட்டிகளுக்கு வெகு உபயோகமானது.

இத்தனைக்கும் நடுவே தமிழ்நாட்டு அணி எங்கே என்ற கேள்வி எழும். சந்தோஷ் கோப்பையைத் தமிழ்நாடு வென்றதில்லை. 2012இல் கட்டக்கில் இறுதி ஆட்டம் வரை போய் சர்வீசஸிடம் 2-3 என்று தோற்றது. மாநில அணியிலும் பல்கலைக்கழக அணிகளிலும் தூத்தூர்ப் பகுதி ஆட்டக்காரர்கள் தொடர்ந்து இடம்பெற்று வந்திருக்கிறார்கள். தூத்தூர் புனித யூதா கல்லூரிக்கு அதில் பெரும் பங்குண்டு. ஆனால் பிள்ளைகள் கொண்டாட ஒரு கோப்பை மட்டும் வரவில்லை.

வந்தபோது மொத்தமாக வந்தது, அதுவும் ஒரு பெருந்துயரத்தை அடுத்து. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. ஆழ்கடலில் இருந்த தூத்தூர்ப் பகுதி மீனவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் இக்கரையில் கிறிஸ்துமஸ் கொண்டாட்டம் இல்லை. அடுத்த சில மாதங்களில் மூன்று இறுதி ஆட்டங்கள் நடந்தன. 2018 பிப்ரவரி 14 அன்று கட்டக்கில், தேசிய மகளிர் கால்பந்தை ஆண்டாண்டாகத் தன் கையில் வைத்திருந்த மணிப்பூரைத் தமிழ்நாட்டுப் பெண்கள் 2-1 என்று வென்றார்கள். கடலூரின் இந்துமதி கதிரேசன் ஆடிய அணி அது. மார்ச் 17 அன்று ஐ.எஸ்.எல். இறுதி ஆட்டத்தில், புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்த பெங்களூரு அணியை அதன் சொந்த மைதானத்திலேயே சென்னையின் எஃப்.சி. 3-2 என்று வீழ்த்தியது. சுனில் சேத்ரி ஒன்பதாம் நிமிடத்தில் கோல் போட்டபோது முடிந்தது என்று எழுந்து போனவர்கள், மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்டிப் போட்ட கோல்களைத் தவறவிட்டார்கள். நடுக்களத்தில் ஆடிய தன்பால் கணேஷ் வடசென்னை வியாசர்பாடியில் வளர்ந்தவர்.

மூன்றாவது ஆட்டம் ஏப்ரல் 1, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். சந்தோஷ் கோப்பையை முப்பது தடவைக்கு மேல் வென்ற வங்காளத்தை, அதன் ஊரிலேயே, கேரளம் டைபிரேக்கரில் 4-2 என்று வென்றது. கூடுதல் நேரம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது கேரளம் முன்னேற, கடைசி நொடிகளில் வங்காளம் ஃப்ரீ கிக்கில் சமன் செய்தது. பிறகு கோல்கீப்பர் மிதுன் வங்காளத்தின் முதல் இரண்டு பெனால்டியையும் தடுத்தார். டைபிரேக்கரில் கோல் போட்டவர்களில் ஒருவர் எஸ். சீசன், பொழியூர்க்காரர். நீரோடியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஊர் அது. 1973இல் திண்ணையில் கேட்ட அணிக்கு, 45 ஆண்டு கழித்து, பக்கத்துக் கடப்புறத்துப் பையனே கோல் போட்டான்.

இந்த வரிசையில் கடைசிக் கட்டம், சொந்த ஊர்க்காரரைத் திரையில் பார்ப்பது. இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜும் அவர் சகோதரர் மைக்கேல் ரெஜினும் சென்னை சிட்டி அணியில் ஆடினார்கள். சூசைராஜ் பிறகு ஜாம்ஷெட்பூர் போய், 2019இல் இந்திய அணிக்கும் ஆடி, கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணியில் சேர்ந்தார். அவர் விட்டுவந்த சென்னை சிட்டி அந்த 2018-19 பருவத்தில் ஐ-லீக்கை வென்றது. லீக் என்பதால் இறுதி ஆட்டம் கிடையாது. ஆனால் 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபிடம் ஒரு கோல் பின்தங்கி, பிறகு 3-1 என்று வென்று, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திய ஆட்டம் இறுதி ஆட்டத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. 2020 மார்ச் 14 அன்று கோவாவில், கொரோனா அச்சத்தால் பார்வையாளர்களே இல்லாத மைதானத்தில், ஏ.டி.கே. சென்னையின் அணியை 3-1 என்று வென்றபோது இரவிபுத்தன்துறையில் யார் பக்கம் நிற்பது என்ற குழப்பம் எழவில்லை. தமிழ்நாட்டுத் தலைநகரின் அணி தோற்றது. ஊர்ப் பையனின் அணிக்குக் கோப்பை கிடைத்தது.

2022 கத்தார் உலகக் கோப்பை நவம்பர், டிசம்பருக்குத் தள்ளிப்போனதால் பழைய கணக்கு குலைந்தது. அது தடைக்காலம் அல்ல. படகுகள் கடலில் இருக்கும் பருவம். ஆழ்கடலில் இருந்தவர்களுக்குச் செய்தி வயர்லெஸ்ஸில் போனது, பிள்ளைகள் கரையில் கைப்பேசியிலும் ஊர்த் திரையிலும் பார்த்தார்கள். 2026 போட்டி மறுபடியும் ஜூன் 11 முதல் ஜூலை 19 வரை என்று அட்டவணை ஆகியிருக்கிறது. வட அமெரிக்காவில் பகலில் நடக்கும் அதன் இறுதி ஆட்டம் இங்கே ஜூலை 20 அதிகாலை பன்னிரண்டரைக்குத் தொடங்கும். மேற்குக் கரையின் தடை முடிய அப்போது இன்னும் பதினொரு நாள் இருக்கும்.